தினமும் ஸ்டார்ட் ஆன ஜீப்

போன வாரம் திவ்யா எனக்கு ஒரு போட்டோ அனுப்பினாள். திருத்தணி டயாலிசிஸ் மையத்தில் நான் விட்டுவந்த டெக்னீசியன் வேலையில் இப்போது இருப்பவள் அவள். ஜீப் ஷெட்டின் சுவரில் ஒட்டிய ஒரு காகிதத்தின் போட்டோ அது. 'வாகனத்தைத் தினமும் காலை 8.45 மணிக்கு இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து, பதிவேட்டில் கையெழுத்திடவும்.' கீழே பச்சை மையில் ஒரு கையெழுத்து. காகிதம் புதிது. வாசகம் பழையது, ஒரு எழுத்துகூட மாறவில்லை.

'அக்கா, புது பேட்டரி ரெண்டு மாசத்துலயே டல்லடிக்குது. வண்டி தினமும் ஸ்டார்ட் ஆகுது. ஆனா எனக்கு நம்பிக்கை இல்லை. என்ன பண்றது?' என்று கேட்டிருந்தாள்.

கோபம் வந்தால் எனக்குச் சத்தம் வராது. பட்டியல் வரும். அன்று மாலைக்குள் மூன்று பக்கம் எழுதிவிட்டேன். அந்தச் சமயத்தில்தான் எங்கள் பாலிடெக்னிக் பழைய மாணவர் மலருக்குப் பணி அனுபவம் கேட்டார்கள். ஓய்வு பெற்றவர்கள் எழுதும் பகுதி அது. எனக்கு வயது முப்பத்திரண்டு. ஒன்பது வருடம் ஒரே இடத்தில் வேலை பார்த்து ஒரே நாளில் வெளியே வந்தவளும் ஓய்வு பெற்றவள்தான் என்று மலரின் ஆசிரியரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு இடம் கொடுத்தார். ஆகவே மூன்று பக்கத்தையும் விரித்து எழுதுகிறேன். இதைப் படிக்கிற பலர் என்றாவது ஒரு நாள் ஏதோ ஒரு பதிவேட்டில் கையெழுத்துப் போடப்போகிறவர்கள்.

நான் படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எலெக்ட்ரிகல் டிப்ளமா. பிறகு ஒன்றரை வருடம் அரக்கோணத்தில் ஒரு இன்வெர்ட்டர் கடை. அங்கே என் துப்பட்டாக்கள் எல்லாவற்றிலும் ஆசிட் ஓட்டைகள் விழுந்தன. பேட்டரியை நம்பாதே, மீட்டரை நம்பு; மீட்டரையும் வண்டி ஓய்ந்து ஆறு மணி நேரம் கழித்து நம்பு என்று அங்கே கற்றேன். அதோடு டயாலிசிஸ் மையத்தில் சேர்ந்தேன். ஜெனரேட்டர், யூபிஎஸ், தண்ணீர் சுத்திகரிக்கும் பிளாண்ட், மெஷின்களின் மின் இணைப்பு எல்லாம் என் பொறுப்பு. டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ரத்தம் குழாயில் நிற்கும். அதனால் அந்த ஒன்பது வருடமும் பேட்டரிகளைப் பற்றி நினைக்காமல் நான் ஒரு நாளும் தூங்கப் போனதில்லை.

என் ஆறாவது வருடத்தில் ஜீப் வந்தது. மையத்தை நடத்தும் டிரஸ்ட் வாங்கிக் கொடுத்தது. நாலு சக்கரமும் இழுக்கிற டீசல் ஜீப். உயரமான டயர், புகைக்குழாய் கூரை வரை ஏற்றியது. காரணம் எளிமையானது. பொதட்டூர்பேட்டைக்கு அப்பால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் எங்களுக்குப் பதினோரு நோயாளிகள். ஆந்திராப் பக்கம் அணையைத் திறந்தால் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடும். பஸ் நிற்கும், ஆட்டோ நிற்கும். சிறுநீரகம் ஏற்கெனவே நின்றவர்களுக்கு மெஷின் நிற்கக்கூடாது. முழங்கால் தண்ணீரில் ஜீப் போய் அவர்களை ஏற்றிவரும். நவம்பர், டிசம்பர் இரண்டு மாதம் அதற்கு வேலை. மீதிப் பத்து மாதம் ஷெட்டில் மலையைப் பார்த்தபடி நிற்கும்.

அந்தப் பத்து மாதம்தான் இந்தக் கட்டுரை.

ஷெட்டில் தினமும் காலை நடந்தது இது. எட்டே முக்காலுக்கு ஜாபர் பாய் வருவார். எங்கள் டிரைவர், ஐம்பத்தைந்து வயது, அரக்கோணத்துக்காரர், டிரைவர் ஆவதற்கு முன் இருபது வருடம் லாரி மெக்கானிக். பானெட்டில் தூசு தட்டுவார். வார்டு ஆயா ஒரு தட்டில் கற்பூரம் கொண்டுவருவார். பாய் சாவியைத் திருப்புவார், டீசல் என்ஜினுக்கு முன்சூடு கொடுக்கும் ஹீட்டரின் விளக்கு அணையக் காத்திருப்பார், ஸ்டார்ட் செய்வார். ஆயா மலைக்கும் ஜீப்புக்கும் கற்பூரம் காட்டுவார். அந்த நேரம் ஹெட்லைட் இரண்டும் எரிய வேண்டும், ஹார்ன் மூன்று தடவை அடிக்க வேண்டும். இரண்டு நிமிடம். ஆஃப்.

"நல்லா அழுத்தி அடி பாய், மேல முருகனுக்குக் கேக்கணும்" என்பார் ஆயா.

"மேல இருக்கறவருக்குக் காது நல்லாத்தான் கேக்குது ஆயா. உனக்குத்தான் கேக்கல."

கற்பூரத்தின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. கற்பூரம் பேட்டரியிலிருந்து எதையும் எடுப்பதில்லை. ஹீட்டர் எடுக்கிறது, ஸ்டார்ட்டர் எடுக்கிறது, ஹெட்லைட் எடுக்கிறது, ஹார்ன் எடுக்கிறது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க என்ஜின் ஓடவேண்டும், அரை மணிக்குக் குறையாமல், சும்மா நின்று இரைவதாக இல்லாமல் சாலையில். இரண்டு நிமிடத்தில் ஒரு பங்குகூடத் திரும்பாது. மறுநாள் அந்தக் குறையிலிருந்து இன்னும் கொஞ்சம் போகும். பேட்டரி பாதி நிலைக்கு வந்து அங்கேயே தங்கிவிடும். பாதி நிலையில் மாதக்கணக்கில் தங்கும் பேட்டரியின் தட்டுகளில் வெள்ளையாகச் சல்பேட் படிந்து இறுகும். பிறகு எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் உள்ளே ஏறாது. வெயில் காலத்தில் என்ஜின் எளிதாகச் சுழலும், ஆகவே வண்டி தினமும் ஸ்டார்ட் ஆகும். குளிர்ந்த மழை நாளில் ஆகாது. மழை நாளுக்காகத்தான் அந்த வண்டியே.

இதை நான் மேலாளரிடம் எத்தனை தடவை சொன்னேன் என்று என் நோட்டில் இருக்கிறது. ஏழு தடவை.

மேலாளர் ராஜு சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கத்துகிற மேலதிகாரி கிடைத்திருந்தால் நான் என்றோ திருப்பிக் கத்தியிருப்பேன். இவர் கத்தமாட்டார். மெல்லிய குரல். எல்லோரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார், ஆயாவைக்கூட. அவர் மேஜைக்கு முன்னால் நாற்காலி கிடையாது. நாம் நின்றுகொண்டே பேசவேண்டும், அவர் நம் முகத்தைப் பார்க்காமல் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பார். பச்சைப் பேனாவின் மூடியைத் திறந்து வைத்திருக்கும்வரை பேசலாம். மூடியைச் சொருகும் சத்தம் கேட்டால் பேச்சு முடிந்தது.

"வண்டி ஸ்டார்ட் ஆகுதுங்களாம்மா?"

"ஆகுது சார். ஆனா திங்கட்கிழமை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பாத்தேன், பன்னெண்டு புள்ளி ரெண்டுதான் இருந்துச்சு. ஃபுல் சார்ஜ்னா பன்னெண்டு புள்ளி ஆறு, ஏழு இருக்கணும்."

"ஸ்டார்ட் ஆகுது இல்லைங்களா?"

"ஆகுது சார்."

"அப்புறம் என்னங்கம்மா?"

டக். மூடி.

வாரம் ஒரு முறை, அரை மணி ஓட்டத்தில் இருக்கும் மணவூர் வரை போய்வந்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தேன். நிற்கிற வண்டியின் கிலோமீட்டர் ஏன் ஏறுகிறது என்று டிரஸ்டில் கேட்பார்கள் என்றார். பாய் வண்டியை வெளியே எடுக்கிறாரா என்று பார்க்க ஜீப்பில் ஒரு டிராக்கர் கருவியைப் பொருத்தினார். அது இருபத்து நாலு மணி நேரமும் பேட்டரியிலிருந்து குடித்துக்கொண்டே, வண்டி நகரவில்லை என்று அவர் போனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

"நிக்கிற வண்டி நின்னுகினு இருக்குதுன்னு சொல்றதுக்கு ஒரு மிசினு" என்றார் பாய். "அத்தயும் நிக்கிற வண்டியே சோறு போட்டு வளக்குது."

பாய் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். தினமும் மாலை பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுவார், காலையில் மாட்டுவார். சரியான வேலை. மூன்று வாரம் திங்கட்கிழமை மீட்டர் இறங்கவே இல்லை. நாலாவது வாரம் ராஜு சார் ஷெட்டுக்கு வந்து ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். டாஷ்போர்டு கடிகாரம் பன்னிரண்டு மணி பத்து நிமிடம் காட்டியது. கைக்கடிகாரத்தில் ஒன்பது. ஒயரைக் கழற்றினால் கடிகாரம் பன்னிரண்டிலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். அவர் போனில் டிராக்கரும் இரவெல்லாம் அணைந்திருந்தது. மறுநாள் பாய்க்கு ஒரு மெமோ, 'கண்காணிப்புக் கருவியை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்தது' என்று. பாய் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"வண்டிய எட்த்துக்கினு போய் நகரி பக்கம் ஜோடி சேத்துக்கினு சுத்தறேன்னு நெனச்சுக்கினாரு போல பாப்பா. இந்த வயசுல."

கடைசியாக நான் சார்ஜர் வாங்கினேன். உள்ளங்கை அளவு சாதனம். ஷெட்டில் பிளக் பாயிண்ட் ஏற்கெனவே இருந்தது. சார்ஜரை மாட்டிவிட்டால் பேட்டரி நிறையும்வரை கொடுக்கும், நிறைந்ததும் தானே குறைத்துக்கொண்டு, கசிகிற அளவை மட்டும் ஈடுகட்டிக்கொண்டிருக்கும். பத்து மாதமும் தொடவேண்டாம். மாட்டினேன். அன்று மாலையே ராஜு சார் கூப்பிட்டார்.

"பானெட்லேருந்து ஒயர் தொங்குதுங்களேம்மா. ஐசியூல டிரிப்ஸ் ஏத்தின மாதிரி இருக்கு. டிரஸ்டி வந்து பாத்தா, கொடுத்த வண்டி கெட்டுப்போச்சான்னு கேக்கமாட்டாங்களா?"

நான் அப்போது சொன்னதை இப்போதும் மாற்றமாட்டேன். "சார், நம்ம பேஷண்டுக்கு வாரத்துக்கு ரெண்டு நாள், நாலு நாலு மணி நேரம் மெஷின்ல போடறோம். அதுக்குப் பதிலா தினமும் ரெண்டு நிமிஷம் போட்டு எடுத்து, நல்லாருக்கார்னு எழுதினா போதுமா?"

அவர் முதல் முறையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு மூடியைச் சொருகினார். சார்ஜர் என் மேஜை இழுப்பறைக்குப் போனது. சுவருக்கு அந்தக் காகிதம் வந்தது.

இனி என் தவறு. இதை எழுதாவிட்டால் மேலே எழுதிய எதற்கும் எனக்கு உரிமையில்லை.

ஒன்பது மணிக்கு ராஜு சார் பதிவேட்டைத் திறப்பார். கட்டம் காலியாக இருந்தால் அதை ஆயாவிடம் கொடுத்து அனுப்புவார். நான் தண்ணீர் பிளாண்டில் முழங்கை வரை நனைந்திருப்பேன், ஆயா பதிவேட்டை நீட்டிக்கொண்டு நிற்பார், கையைத் துடைத்துக் கையெழுத்துப் போடவேண்டும். எல்லோருக்கும் இதே கதை. நர்ஸ்கள் மருந்து ஃபிரிட்ஜின் சூடு எழுதும் தாளை என்ன செய்தார்களோ அதையே நானும் செய்தேன். திங்கட்கிழமை காலையில் ஆறு நாளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். '8.45. ஸ்டார்ட் செய்யப்பட்டது. ஓ.கே.' ஆறு வரிசை. எங்கள் மையத்தில் சனிக்கிழமை வரை திங்கட்கிழமையே நடந்து முடிந்துவிடும். ராஜு சாருக்கும் அது தெரியும். ஆறு கையெழுத்தும் ஒரே பேனாவில் ஒரே சாய்வில் இருப்பதைப் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் கவனிக்காமல் இருக்கமுடியாது.

அந்த நவம்பரில் மழை செவ்வாய்க்கிழமை பிடித்தது. முந்தின நாள் மீட்டர் பன்னிரண்டுக்குக் கீழே, பதினொன்று புள்ளி ஒன்பது காட்டியது. ஏழாவது தடவையாகச் சொன்னேன். "இன்னிக்கு ஸ்டார்ட் ஆச்சுங்களா?" ஆச்சு சார். டக். செவ்வாய் காலை ஜீப் முக்கி முனகி ஸ்டார்ட் ஆனது. புதன்கிழமை கொட்டுகிற மழையில் கற்பூரம் நிற்காது என்று ஆயா வரவில்லை. ஆயா வராததால் பாயும் ஷெட்டுக்குப் போகவில்லை. பதிவேட்டில் புதனும் ஓ.கே.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, மெஷினில் மூன்று பேர். ஏழே முக்காலுக்கு எனக்குப் போன் வந்தது. பேசியது சுலோச்சனா. அவர் கணவர் முனிரத்தினம் விசைத்தறி நெசவாளர், ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீடு, செவ்வாயும் சனியும் எங்களிடம் டயாலிசிஸ் செய்துகொள்பவர். செவ்வாய்க்கிழமை பஸ் இல்லையென்று, ஜீப் கேட்டு எங்களுக்குப் போனும் செய்யாமல், வராமல் இருந்துவிட்டார்.

"மேடம், இவரால படுக்கவே முடியல. ஒக்காந்துகினே மூச்சு வாங்குறாரு. காலு ரெண்டும் தூணு மாதிரி வீங்கிகினு இருக்குது. ஜீப்பு வருமா?"

"பாலத்து மேல தண்ணி எவ்ளோம்மா?"

"என் தம்பி போய்ப் பாத்துட்டு வந்தான். முட்டிக்குக் கீழதான். ஆனா ஏறிக்கினே இருக்குதாம்."

"வரும். அவர பாலத்தாண்ட கூட்டிகினு வந்துடுங்க."

வரும் என்று சொன்னது நான். ஷெட்டுக்குப் போவதற்கு முன்னாலேயே சொன்னேன்.

பாய் சாவியைத் திருப்பினார். ஹீட்டர் விளக்கு மங்கலாக எரிந்தது. ஸ்டார்ட். டக். மறுபடி. டக் டக் டக் டக். டாஷ்போர்டு கடிகாரம் அணைந்தது. நான் மீட்டரை வைத்தேன். ஸ்டார்ட்டரைத் தொட்டதும் ஆறு வோல்ட்டுக்கு விழுந்தது. அது பேட்டரி இல்லை, கனமான ஒரு பெட்டி.

நின்றபடியே எண்ணிப் பார்த்தேன். தள்ளி ஸ்டார்ட் செய்வது: ஆறு பேர் தள்ளினோம், நனைந்த தரையில் டயர் உருளாமல் வழுக்கியது. ஜெனரேட்டரின் பேட்டரி: அதை நம்பித்தான் மூன்று பேரின் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. யூபிஎஸ் பேட்டரிகள்: அதே காரணம். ஆம்புலன்ஸ்: கேட்டோம், பாலத்துக்கு இந்தப் பக்கம் வரைதான் வரமுடியும், தண்ணீரில் இறங்க முடியாது என்றார்கள். நியாயம்தான். மீதி இருந்தது ராஜு சாரின் கார்.

ஒன்பது மணிக்குக் குடையோடு வந்தார். வந்ததும் பதிவேட்டைத் திறந்தார். நான் நின்றுகொண்டு சொன்னேன்: ஜீப் எடுக்கவில்லை, பேஷண்ட் பாலத்தில் காத்திருக்கிறார், உங்கள் காரிலிருந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் செய்துகொள்கிறோம்.

அவர் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். வியாழக்கிழமைக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"எட்டே முக்கால், ஓ.கே. உங்க கையெழுத்துதானுங்களேம்மா?"

"ஆமா சார்."

"எட்டே முக்காலுக்கு ஸ்டார்ட் ஆன வண்டி கால் மணி நேரத்துல எப்படிங்க போகும்?"

அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அந்தப் பதில் என் வாயில் இருந்தது, நான் சொல்லவில்லை. "கார் குடுங்க சார்" என்று மட்டும் மறுபடி கேட்டேன். அது முழுக்க சென்சார் வண்டி, ஏதாவது ஆகிவிட்டால் கஷ்டம் என்றார். டக்.

பாய் அதற்குள் மழையில் தன் மொபெட்டில் போய்விட்டிருந்தார். தான் முன்பு வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில் கேட்டு, ஒரு லாரி பேட்டரியை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சாலையெல்லாம் தண்ணீர், அரக்கோணம் வரை போய்வர ஆன நேரம் அது. பதினொன்றரைக்கு ஜீப் ஸ்டார்ட் ஆனது. நானும் ஏறிக்கொண்டேன். வழியில் சுலோச்சனாவின் போன் மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் வந்துகொண்டிருக்கிறோம் என்றேன்.

பாலத்தை அடைந்தபோது மணி பன்னிரண்டரை. தண்ணீர் இடுப்பளவு. பாலத்தின் ஓரக்கல் ஒன்றுகூடத் தெரியவில்லை. குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். பாய் இறங்கி ஒரு கம்பை விட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "எட்டரைக்கு வந்துருந்தா இட்டுக்கினு வந்துருப்பேன் பாப்பா" என்றார். அவ்வளவுதான். அந்தக் கரையில் ஒரு தார்ப்பாய்க்கு அடியில் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் முனிரத்தினம் உட்கார்ந்திருந்தது எங்களுக்குத் தெரிந்தது. முன்பக்கம் குனிந்து, முழங்காலில் கையூன்றி. எட்டரையிலிருந்து அங்கேயே. ஜீப்பைப் பார்த்ததும் சுலோச்சனா எழுந்து நின்று கையைத் தூக்கினார். நான் கையைத் தூக்கவில்லை. தூக்கினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

அவரைக் கொண்டுவந்தது நாங்கள் இல்லை. அந்தக் கரையில் உடைப்பை அடைக்க வந்திருந்த பொக்லைன் வண்டிக்காரர். நாற்காலியோடு அவரை வாளிக்குள் வைத்து, பக்கத்தில் சுலோச்சனாவை உட்காரவைத்து, வாளியை உயர்த்திக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். நடுவில் ஒருமுறை வண்டி பக்கவாட்டில் நகர்ந்தது. பாய் கண்ணை மூடிக்கொண்டார், நான் மூடவில்லை. கரையேற நாலு நிமிடம்.

ஜீப்பில் ஏற்றும்போது முனிரத்தினம் ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

"இன்னா பாய்... உன் ஜீப்பு... குளிச்சுக்கினு... இருந்துச்சா?"

"ஆங். எண்ணெ தேச்சுக்கினு குளிச்சுது. நீ வாய மூடிக்கினு மூச்சு வுடு."

மதியம் இரண்டு பத்துக்கு அவரை மெஷினில் போட்டோம். உடம்பில் கூடுதலாக ஐந்தரை கிலோ தண்ணீர். இன்னும் இரண்டு மணி நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை நான் இங்கே எழுதவில்லை. நாலு மணிக்கு ராஜு சார் வார்டுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆகலைங்களேம்மா. முருகன் காப்பாத்தினாரு."

ஒன்றும் ஆகவில்லை. ஒரு மனிதர் நாலு மணி நேரம் மழையில் நாற்காலியில் உட்கார்ந்து தன் நுரையீரலில் தண்ணீர் ஏறுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஆற்றின் மேல் ஒரு இரும்பு வாளியில் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். என் இழுப்பறையில் உள்ளங்கை அளவு சார்ஜர் ஒன்று பெட்டி பிரிக்காததுபோல் இருந்தது. ஒன்றும் ஆகவில்லை.

சனிக்கிழமை விசாரணை. டிரஸ்டிலிருந்து ஒருவர் சென்னையிலிருந்து வந்திருந்தார். ராஜு சார் அறிக்கையைத் தயாராக வைத்திருந்தார். வியாழக்கிழமை காலை 8.45க்கு வாகனம் ஸ்டார்ட் செய்யப்பட்டு நல்ல நிலையில் இருந்தது, அதன்பின் ஓட்டுநர் ஹெட்லைட்டை அணைக்க மறந்ததால் பேட்டரி இறங்கியது, மையத்தின் ஏற்பாட்டில் நோயாளி பத்திரமாக அழைத்துவரப்பட்டார். ஆதாரம்: பதிவேடு, டெக்னீசியனின் கையெழுத்து. பாய் மேல் ஏற்கெனவே ஒரு மெமோ இருப்பதையும் சேர்த்திருந்தார்.

பாய் கதவோரம் நின்றிருந்தார். அந்தக் கையெழுத்து எப்போது போட்டது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். திங்கட்கிழமைகளில் எனக்குப் பேனா கொடுத்ததே பல நாள் அவர்தான்.

"லைட்டை அணைக்காம விட்டீங்களா?" என்று டிரஸ்ட்காரர் கேட்டார்.

பாய் என்னைப் பார்க்கவில்லை. "ஆங்... மறந்து உட்டுட்டேன் போல இருக்குது சார்" என்றார்.

ஒன்பது வருடத்தில் எனக்கு வந்த பெரிய கோபம் அந்த நேரத்தில் வந்தது. அது ராஜு சார் மேல் வந்ததல்ல. என்னைக் காப்பாற்ற ஒரு நல்ல மெக்கானிக் தான் செய்யாத, செய்யவே செய்யாத ஒரு தவறை ஒப்புக்கொள்கிறார். அந்த நிலைமையை உண்டாக்கியது என் பேனா.

நான் பட்டியலாகத்தான் சொன்னேன். ஒன்று, அந்தக் கையெழுத்தை நான் திங்கட்கிழமை போட்டேன். இரண்டு, வியாழன் எட்டே முக்காலுக்கு ஜீப் ஸ்டார்ட் ஆகவில்லை, புதன்கிழமை அதை யாரும் தொடவே இல்லை. மூன்று, லைட் எரியவில்லை. நாலு, பேட்டரியைக் கொன்றது இந்த இரண்டு நிமிட ஸ்டார்ட். இதோ என் நோட்டு, பத்து மாதத்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் மீட்டர் காட்டியது இதில் இருக்கிறது. ஐந்து, இதை ஏழு தடவை சொன்னேன், தேதி இருக்கிறது. ஆறு, இதோ சார்ஜர்.

டிரஸ்ட்காரர் நோட்டை இரண்டு பக்கம் புரட்டினார். சார்ஜரைக் கையில் எடுக்கவில்லை. "அப்ப பொய்யா கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்றார்.

"ஆமா சார்."

ராஜு சார் பச்சைப் பேனாவைத் திறந்தார். அறிக்கையில் 'ஓட்டுநர்' என்று இருந்த இடத்தை அடித்து, மேலே 'டெக்னீசியன்' என்று எழுதினார். வாக்கியத்தில் மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. மூடியைச் சொருகினார். அன்று மாலை நான் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். கேட்டு வாங்கிக்கொண்டார்கள் என்பதே சரி. பொய்க் கையெழுத்துக்கு அந்தத் தண்டனை சரியானது. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. நாலாவதும் ஐந்தாவதும் ஆறாவதும் காற்றில் போனதுதான் என் புகார்.

வெளியே பெஞ்சில் சுலோச்சனா இருந்தார். அன்று சனிக்கிழமை, முனிரத்தினம் உள்ளே மெஷினில். விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது.

"நீங்க போய்ட்டா அடுத்த மழைக்கு ஜீப்பு வருமா மேடம்?"

வரும் என்று இரண்டாவது தடவை சொல்ல என்னால் முடியவில்லை.

நான் இப்போது அரக்கோணத்தில் சொந்தமாகப் பேட்டரி சர்வீஸ் நடத்துகிறேன். பாய் அந்தக் கோடையில் வேலையை விட்டுவிட்டார். எப்போதாவது கடைக்கு வந்து, "இன்னா பாப்பா, எவ்ளோ காட்டுது?" என்று கேட்டுவிட்டுப் போவார். இனி மழைக்கு நாலைந்து வாரம்தான் இருக்கிறது. முனிரத்தினம் இன்னமும் செவ்வாயும் சனியும் ஆற்றைத் தாண்டித்தான் வருகிறார்.

திவ்யாவுக்கு அன்று மாலையே பதில் அனுப்பினேன். பேட்டரியைக் கழற்றி முழுசாக சார்ஜ் ஏற்று. ஷெட்டில் பிளக் பாயிண்ட் வேலை செய்கிறது, என் பழைய இழுப்பறையில் சார்ஜர் இருந்தால் மாட்டி, மழை வரும்வரை கழற்றாதே. சார் விடமாட்டேன் என்றால் நெகட்டிவ் ஒயரைக் கழற்று, கடிகாரம் தப்பாகக் காட்டட்டும். அதுவும் கூடாதென்றால் வாரம் ஒரு தடவை மணவூர் வரை ஓட்டச் சொல். இரண்டு நிமிட ஸ்டார்ட் மட்டும் வேண்டாம். சொன்னதையெல்லாம் தேதி போட்டு எழுதிவை.

உடனே பதில் வந்தது. 'சரி அக்கா. தேங்க்ஸ் அக்கா. நாளைக்கே சார்கிட்ட பேசறேன்.'

அன்று திங்கட்கிழமை. எனக்கு ஒன்று கேட்கவேண்டியிருந்தது. கேட்டேன்.

'பதிவேட்டில் சனிக்கிழமை வரைக்கும் கையெழுத்துப் போட்டுட்டியா?'

இரண்டு நீல டிக் விழுந்தன. எழுதுகிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. பதில் இன்னும் வரவில்லை.